பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

அத்திப்பட்டு புதுநகர் பக்கம் பக்கிங்காம் கால்வாயைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், "தாது வருஷப் பஞ்சத்துல கஞ்சிக்கு வெட்டினது சார் இது" என்பார்கள். பாதிதான் சரி. நம் பக்கத்துக் கால்வாய் அந்தப் பஞ்சத்துக்கு மூத்தது. பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் 1800களின் தொடக்கத்தில் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை வெட்டுவித்தது, பிறகு பழவேற்காட்டுக்கு நீண்டது. பஞ்சத்தில் வெட்டியது 1877-78இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் முழுக் கால்வாய்க்கும் ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவில் 1933இல் ரூஸ்வெல்ட், வேலையில்லாத இளைஞர்களை முகாம்களில் தங்கவைத்து மரம் நடவும் பாதை போடவும் விட்டார். மாதம் 30 டாலர் சம்பளம், பெரும்பகுதி வீட்டுக்குப் போய்விடும். அந்த முகாம்களின் புகைபோக்கியையும் கல்சுவரையும் இன்றைக்கும் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். நம்முடைய பஞ்ச முகாம் எங்கே என்று தேடினால் என்ன கிடைக்கும்? ஓலைக்கொட்டகை எத்தனை நாள் நிற்கும்!

கூலியைப் பார்ப்போம். 1877 ஜனவரியில் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுக்க மண் சுமக்கிற ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். சென்னை மாகாணச் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று உடம்பு வேலை செய்யாது என்று சண்டை போட்டார். சில மாதத்தில் ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்பும் ஆயிற்று. அந்தக் கால் பவுண்டுக்காக எத்தனை கோப்பு நகர்ந்திருக்கும் என்று, ஆயுசெல்லாம் கோப்பு நகர்த்திய எனக்குக் கணக்குப் போடத் தெரியும். கோப்பு மேஜையில் இருந்தபோது கூடையைக் கீழே போட்டு விழுந்தவர்கள் கணக்கு வேறு.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், 1848இல் பாரீசில் வேலையற்றோருக்குத் திறந்து நாலே மாதத்தில் மூடிய தேசியப் பட்டறைகளைப் பக்கம் பக்கமாக நடத்தினார்கள். தாது வருஷத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதை எனக்குச் சொன்னது பாட்டிதான், அதுவும் சோற்றை மிச்சம் வைக்கும்போது.

சுவடு அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ராயபுரத்து மணியக்காரர் சத்திரம் 1782 பஞ்சத்துக் கஞ்சியில் பிறந்தது. பக்கத்து ஸ்டான்லியை நம் வயதுக்காரர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்கிறோம்?

நம் பக்கத்துக் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன காலம் உண்டு. இப்போது அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. பஞ்சத்தில் வெட்டிய அந்த 8 கிலோமீட்டரைப் பார்க்க விரும்புகிறவர்கள் சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறி மயிலாப்பூர் வரை குனிந்து பார்த்துக்கொண்டே போகலாம். தூண்களை அதற்குள்ளேயே இறக்கியிருக்கிறார்கள்.