சுவருக்குள் விட்ட ஆறு அங்குலம்

வயரிங் தொழிலை நான் பழகியது கடலுக்கு அந்தப் பக்கம். 1990 இல் மன்னார்த் தீவின் பேசாலையிலிருந்து போருக்குத் தப்பி இந்தியாவுக்கு வள்ளமேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. முதலில் மண்டபம், பிறகு மதுரைப் பக்கம் ஒரு முகாம். காய்ந்த ஊர். அங்கே சுவிட்சுக்காகச் சுவருக்குள் புதைத்த இரும்புப் பெட்டியைப் பல வருடம் கழித்துத் திறந்தாலும் திருகாணி இலேசாகச் சுழன்று வரும். அதனால் பெட்டியைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. சுவிட்ச் என்ன கம்பனி, பிளேட் என்ன நிறம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது மன்னார்ப் பக்கமெல்லாம் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. இந்திய வீட்டுத் திட்டத்தின் 2012 இல் தொடங்கிய கட்டத்தில் வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தார்கள்; வீட்டுக்காரரே மேசன் பிடித்துக் கட்ட வேண்டியிருந்தது. புதுவீட்டு வேலைதான் எனக்கு விருப்பம். காடி வெட்டி, பைப் இறக்கி, சங்க் பொக்ஸ் என்கிற அந்தப் பெட்டியைப் புதைத்து, கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். திருத்த வேலைக்குக் கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லுவேன். நாள் போகும், காசு வராது.

ஆனால் தொழிலின் மீதிப் பாதியைச் சொல்லித் தந்தது அந்தத் திருத்த வேலைதான். கடற்கரையோர வீடொன்றிலிருந்து ஓர் அம்மா விடாமல் ஆள் அனுப்பினார். “தம்பி, விடியப்புறத்திலை ட்ரிப் விழுந்துபோகுது. அந்தச் சனியனைக் கழட்டிப்போட்டு நேரா லைனைக் குடுத்துவிடு.” ஐந்து நிமிட வேலை, கேட்ட கூலி கிடைக்கும். செய்துவிடலாமா என்று எனக்கும் ஆசை வந்தது உண்மை. ஆனால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழாது. போகவேண்டிய வழியை விட்டு மின்சாரம் வேறெங்கோ கசிந்தால்தான் விழும்.

ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டர் எல்லாம் பார்த்தேன், பழுதில்லை. கடைசியில் கடலைப் பார்த்த ஜன்னலோரத்துப் பிளக் பேஸைக் கழற்றினேன். திருகாணித் தலை கையோடு உடைந்து வந்தது. உள்ளே இரும்புப் பெட்டி அடுக்கடுக்காகத் துருவேறி வீங்கியிருந்தது. பித்தளை முனைகளில் பச்சை பிடித்திருந்தது. எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக உப்பு.

மன்னாரில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்தால் மாதக்கணக்கில் ஓயாது. அந்தக் காற்றை நம்பித்தான் 2020 இல் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் தம்பபவனி காற்று மின் நிலையத்தைத் தொடங்கினார்கள். மின்சாரம் தருகிற அதே காற்றுத்தான் சுவருக்குள் உப்பையும் கொண்டுவந்து சேர்க்கிறது. கடல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரவுக் குளிர்ச்சியில் ஈரம் கூடும்போது உப்புப் படலம் மின்சாரம் ஓடும் பாதையாகிவிடும். வெயில் ஏறினால் காய்ந்துவிடும். அந்த வீட்டு ட்ரிப் விடியப்புறத்தில் மட்டும் விழுந்தது அதனால்தான். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். சுவிட்சைச் சுற்றிப் பூச்சு வெடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மேசனை ஏசிப் பயனில்லை.

அதற்குப் பிறகு திருத்த வேலையை நான் தட்டிக்கழிக்கவில்லை. திறந்த ஒவ்வொரு பெட்டியும் ஏதோவொன்றைச் சொல்லித் தந்தது. கூரையில் ஒழுகும் மழைநீர் பைப் வழியாக நேரே பெட்டிக்குள் இறங்கும். மேல்வாயை அடைத்துவிட வேண்டும். 35 மில்லிமீற்றர் ஆழப் பெட்டிக்குள் இரண்டு மூன்று கேபிளை அமுக்கித் திணித்தால் முனைகள் தளர்ந்து சூடேறி பிளேட் கருகும். 47 மில்லிமீற்றர் பெட்டி என்றால் வயர் மடங்கிப் படுக்க இடமிருக்கும். 13 அம்பியர் சதுரத் துளைப் பிளக்கே நாட்டின் நியமம் என்று 2017 இல் ஆன பிறகு, பழைய வீடுகளில் முகப்பை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் எர்த்துக்கு ஒரு துளை இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. அது பார்க்கிறவரை ஏமாற்றும் பிளக்.

இப்போது கரையோர வீடுகளுக்கு நான் வைப்பது பிளாஸ்டிக் பெட்டியும் பித்தளைத் திருகாணியும்தான். திருகாணிக்குக் கொஞ்சம் வாசலின் தடவுவேன். எல்லாவற்றையும் விட முக்கியம், பெட்டிக்குள் ஆறு அங்குல வயரை மிச்சமாக மடித்து விடுவது. உப்புத் தின்ற நுனியை வெட்டிவிட்டு நல்ல செம்பில் திரும்பப் பூட்ட அது வேண்டும். நுனி குட்டையாக இருந்தால் சுவரை உடைத்துப் புது வயர் இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மதுரையில் நான் பெட்டியை மூடுவதற்காக வைத்தேன். மன்னாரில் அதைத் திரும்பத் திறப்பதற்காக வைக்கிறேன். இங்கே எந்தப் பெட்டியும் திறக்கப்படாமல் தப்பாது.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். பூச்சுப் பூச முதல் ஒருதரம் போய்ப் பாருங்கள். பெட்டி ஆழமா, எர்த் வயர் வந்திருக்கிறதா, வயர் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆறு அங்குலம் வீண் செலவு என்று வயர்மேன் சொன்னால், பிறகு சுவர் உடைக்கவும் பூசவும் நிறம் அடிக்கவும் போகும் கூலியை அவரிடமே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.