பத்து மணிக் குறுஞ்செய்தி

மார்ச் 4, 2025

‘மக்களைத் தேடி மருத்துவம்’ வேலையாக மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருவுக்குப் போயிருந்தேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்ட அக்கா வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். சிகிச்சை பெற்ற இடத்திலிருந்து அவருக்குக் குறுஞ்செய்தி வருகிறதாம். அன்று விடுப்பிலிருந்த மகன் போனைக் காட்டினான். தினமும் அரை மணி நேரம் நடங்கள், காய்கறி பழம் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். நல்ல சேதிதான். வருவது காலை பத்து மணிக்கு. அந்நேரம் அக்கா உப்புப் பாத்தியில் இருப்பார், போன் மகனோடு திண்டிவனத்தில்.

மார்ச் 6

சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவின் ஆய்வை மறுபடி படித்தேன். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களில் பாதிப்பேருக்கு இரண்டு ஆண்டுகள் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் வந்தது. 2013-இல் வெளியான முடிவு. எந்த நேரத்தில் செய்தி வேண்டும் என்று அவர்களையே கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். அமெரிக்காவில், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களுக்காக ‘மி பீதா சலூதாப்ளே’ என்றொரு திட்டம் நடந்தது. அதில் செய்தியோடு நேரடி வகுப்புகளும் உண்டு.

மார்ச் 10

விடிகாலையில் உப்பளத்துக்கே போனேன். அக்கா பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார். வலது முன்கை இடதைவிடப் பருத்திருந்தது. அந்தக் கையில் வளையல் இல்லை. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த கை அது. நிணநீர் சரியாக வடியாது. சின்னப் புண்ணில் கிருமி புகுந்தாலும் வீக்கம் ஏறும். விடிந்ததிலிருந்து நடக்கிறவரை நடக்கச் சொல்வதைவிட இந்தக் கையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.

“தண்ணி குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே சிஸ்டர்” என்றார். பக்கத்துப் பாத்திப் பெண்களும் அதையேதான் சொன்னார்கள்.

மார்ச் 13

அக்காவும் நானும் சேர்ந்து வாசகம் தயார் செய்தோம். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் என் குரலிலேயே பதிவு செய்து மகன் போனுக்கு அனுப்புகிறேன். இரவு ஏழரைக்கு மேல், அவன் வீட்டில் இருக்கும்போது. “அக்கா, கையை நல்ல தண்ணியில கழுவி எண்ணெய் தடவுனீங்களா? செவந்து, சூடா இருந்தா காலையில முதல் வேலையா ஆஸ்பத்திரி.”

மார்ச் 24

கையுறை போட்டு வாருகிறார். வெடிப்பு ஆறிவருகிறது. வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. இயன்முறை சிகிச்சையாளரிடம் அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் விஷயத்தில் ஒரு மாற்றமும் இல்லை, என் குரலால் அது ஆகவும் ஆகாது. உப்பளத்தில் பெண்களுக்குக் கழிப்பறையும் நிழலும் வேண்டும். இந்த மாதக் கூட்டத்தில் எழுத்து மூலமாகவே கேட்கப்போகிறேன். செய்தி அனுப்புகிறவர்களும் இந்தக் கோரிக்கையில் கையெழுத்துப் போடட்டும்.