சத்தியம் வேண்டாம், ஏற்பாடு செய்யுங்கள்

குடிநோய் மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பிள்ளை தலையில் அடித்து, சூடம் அணைத்து, கோயிலில் கயிறு கட்டி எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் பலரும் எங்களிடம் வருகிறார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. சத்தியம் செய்கிற நேரத்தில் மனசாரத்தான் செய்கிறார்கள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வரும்போது அந்த மனசு கூட இருப்பதில்லை.

முதலில் மருத்துவம். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் நினைவு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். 'வீட்டிலேயே நிறுத்திக் காட்டுறேன்' என்ற வீம்பு இங்கே உதவாது. அந்த நாட்களை மருத்துவரும் மாத்திரையும் தயமின் ஊசியும் பார்த்துக்கொள்ளும். உடம்பு தெளிந்த பிறகுதான் என் வேலை.

கடைசியாகக் குடித்த நாளைப் பின்னாலிருந்து முன்னால் ஒரு தாளில் எழுதச் சொல்வேன். "ஏன் குடிச்சீங்க?" என்று கேட்பதில்லை. கேட்டால் பொண்டாட்டி, மேஸ்திரி, கடன், மச்சான் என்று பட்டியல் நீளும். அதில் பாதி உண்மையாகவும் இருக்கும். "அதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்பேன். ஒரு கொத்தனார் எழுதினார்: குவார்ட்டர் வாங்கியது ஏழு மணிக்கு. அதற்கு முன் கூட்டாளியின் வண்டியில் ஏறியது. அதற்கு முன் வாரக்கூலியை மொத்தமாகச் சட்டைப்பையில் வைத்தது. அதற்கும் முன், மத்தியானம் சாப்பிடாமல் டீயும் வடையுமாக ஓட்டியது. வீட்டுச் சண்டையோ இரவு ஒன்பதரைக்கு. தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சண்டைக்கு முன்னாடியே வாங்கிட்டேனே சார்" என்றார்.

அதற்கு மேல் நான் அறிவுரை சொல்லத் தேவையில்லை. கூலியை மேஸ்திரி நேராக மனைவியின் கணக்கில் போடுவது, மத்தியானம் வயிறாரச் சாப்பிடுவது, கூட்டாளி வண்டியை விட்டுப் பேருந்தில் வருவது என்று அவரே எழுதினார். பழக்கம் என்ற சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நின்று கையை அடக்குவது பெரும்பாடு. முதல் கண்ணியை மாற்றுவது எளிது. குடிக்கத் தோன்றும் தவிப்பும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணிக்கு யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் போதும்.

வீட்டாருக்கும் ஒரு வேலை உண்டு. கணவர் போதையில் கிடக்கும்போது மனைவி முதலாளிக்கு போன் போட்டு, "அவருக்குக் காய்ச்சல்" என்பார். அன்பால் செய்வதுதான். ஆனால் அவர் குடித்ததன் கணக்கை இவர் தீர்த்துக்கொண்டே இருந்தால், அவருக்கு அந்தக் கணக்கு தெரியவே தெரியாது. "நீங்க பேசாதீங்கம்மா, எந்திரிச்சதும் அவரே பேசட்டும்" என்பேன். அவரே பேசும் அந்த ஒரு போன், பத்து சத்தியத்துக்குச் சமம்.

1935இல் அமெரிக்காவின் ஓஹியோவில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து ஆரம்பித்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் 12 படிகளிலும் இதே நடைமுறை அறிவு இருக்கிறது. குடிக்கு முன்னால் தன் சக்தி செல்லாது என்று முதல் படியில் ஒப்புக்கொள்கிறவர், நான்காவதில் தன் குணங்களைக் கணக்கெடுக்கிறார், எட்டாவதில் தான் நோகடித்தவர்களின் பெயரை எழுதுகிறார், ஒன்பதாவதில் முடிந்தவரை ஈடு செய்கிறார். நோய் வந்தது அவர் குற்றமில்லை. அதைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. இரண்டும் ஒன்றாகவே இருக்க முடியும்.

சறுக்கினால்? ஒருமுறை சறுக்குவது வேறு, பழைய குடிக்கே திரும்புவது வேறு என்று அலன் மார்லாட்டும் ஜூடித் கார்டனும் 1985இல் வந்த நூலில் பிரித்துக் காட்டினார்கள். 'எல்லாம் போச்சு' என்ற நினைப்புதான் இரண்டாவது குவார்ட்டரை வாங்க வைக்கிறது. எங்களிடம் திரும்பி வருகிறவரைத் திட்டுவதில்லை. இன்னொரு தாள் கொடுக்கிறோம்.

குடி என்றில்லை, கோபமோ, சூதாட்டமோ, இரவெல்லாம் கைபேசியோ, எதை விட நினைத்தாலும் இனி சத்தியம் செய்யாதீர்கள். கடைசியாக அதைச் செய்த நாளைப் பின்னாலிருந்து எழுதுங்கள். உங்களால் மாற்ற முடிந்த முதல் வரியை இன்றைக்கே மாற்றுங்கள்.