மே தேங் பள்ளத்தாக்கில் மீண்டும் ஒருமுறை

தாய்லாந்து நாட்டின் வடபகுதியிலுள்ள சியாங் மாய் நகருக்கு நாங்கள் இருமுறை சென்றிருக்கிறோம். முதன்முறை 2013-இல், மறுமுறை 2018-ஆம் ஆண்டு சனவரித் திங்களில். இரண்டாம் பயணத்திற்குப் பாங்காக்கில் நடைபெற்ற உறவினர் திருமணமே காரணம். ஆயினும் அழைப்பிதழ் கைக்கு வந்த அன்றே எங்கள் உள்ளம் திருமண மண்டபத்தைக் கடந்து, வடக்கே மே தேங் பள்ளத்தாக்கிற்குப் போய்விட்டது. சியாங் மாயிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஆற்றங்கரையில், யானைகளுக்கென்று ஓர் அடைக்கலம் அங்கே இருக்கிறது.

அதை நிறுவியவர் சங்துவன் சைலெர்ட் என்னும் பெண்மணி. எல்லாரும் அவரை 'லெக்' என்றே அழைக்கின்றனர். அந்நாட்டு மொழியில் அதற்குச் 'சிறியது' என்று பொருள். உருவத்திலும் அவர் சிறியவரே. மலைவாழ் கமு இனத்தில் பிறந்தவர். நாட்டு மருத்துவரான அவருடைய பாட்டனார் ஒருவருடைய உயிரைக் காத்ததற்கு நன்றிக் காணிக்கையாக ஒரு யானை அவர்கள் வீட்டிற்கு வந்ததாம். அந்த யானையோடு வளர்ந்த சிறுமிதான் பின்னாளில் யானைகளின் துயரைத் தன் துயராக ஏற்றுக்கொண்டார். 2005-இல் அமெரிக்காவின் 'டைம்' இதழ் அவரை ஆசியாவின் வீரர்களுள் ஒருவராகக் குறிப்பிட்டது.

யானைகளுக்கு அடைக்கலம் எதற்கு, காடு இருக்கிறதே என்று வாசகர்கள் கேட்கலாம். முதன்முறை செல்லும்போது நாங்களும் அவ்வாறே கேட்டோம். விடை அந்நாட்டு வரலாற்றில் இருக்கிறது. 1988 நவம்பரில் தென் தாய்லாந்தில் பெருமழை கொட்டியது. காடழிந்து மொட்டையாய் நின்ற மலைச்சரிவுகள் சரிந்தன. வெட்டிக் கிடந்த மரங்களையும் சேற்றையும் வெள்ளம் ஊர்களுக்குள் உருட்டி வந்து நூற்றுக்கணக்கான மக்களைக் கொன்றது. அதன் விளைவாக 1989 சனவரியில் அரசு காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. காட்டிற்கு அது நல்ல காலம். தலைமுறை தலைமுறையாக மரம் இழுத்துவந்த யானைகளுக்கோ ஒரே நாளில் வேலை போயிற்று. நாளொன்றுக்கு 150 கிலோவுக்கு மேல் தீனி தின்னும் ஒரு விலங்கை ஏழைப் பாகன் எவ்வாறு காப்பான்? சில யானைகள் நகரத் தெருக்களில் பிச்சை எடுத்தன; சில உல்லாசப் பயணிகளைச் சுமந்தன; சில சட்டத்திற்குப் புறம்பாக நடந்த மரவேலைக்கே மீண்டும் சென்றன.

அவ்வாறு சென்றவற்றுள் ஒன்று ஜோக்கியா. சினையாயிருந்தபோதும் மலைமேல் மரம் இழுத்தது. இழுக்கும்போதே கன்றை ஈன்றது. ஈன்ற கன்றைத் திரும்பிப் பார்க்கவும் அதனை விடவில்லை, கன்று இறந்தது. அதன்பின் ஜோக்கியா வேலை செய்ய மறுத்து நின்றுவிட்டது. யானை தன் கன்றை ஏறக்குறைய 22 மாதங்கள் சுமக்கிறது என்பதை எண்ணினால் அந்த மறுப்பு எவருக்கும் விளங்கும். பணிய வைப்பதற்காக அதன் இரு கண்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் குருடாக்கப்பட்டன.

இதை எங்களுக்குச் சொன்ன வழிகாட்டிப் பெண் குரலை உயர்த்தவில்லை. எங்களால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

ஆனால் 2013-இல் நாங்கள் கண்ட ஜோக்கியா தனித்திருக்கவில்லை. அருகில் மே பெர்ம் என்னும் முதிய பிடி நின்றது. அந்த அடைக்கலத்தின் தொடக்க நாட்களிலேயே அங்கு வந்து சேர்ந்த யானை அது. ஜோக்கியா வந்த அன்றே மே பெர்ம் நெருங்கிச் சென்று, துதிக்கையால் தடவிப் பார்த்து, அதற்குக் கண் இல்லை என்பதை உணர்ந்துகொண்டதாம். அன்று முதல் அதுவே ஜோக்கியாவின் கண்ணாயிற்று. மேயச் சென்றாலும், ஆற்றில் இறங்கினாலும் பக்கத்திலேயே நடக்கும். அடித்தொண்டையில் மெல்ல உறுமும். ஜோக்கியா அந்த ஒலியைப் பற்றிக்கொண்டு நடக்கும். நோயுற்ற துணையை ஆண்டுக்கணக்கில் கைப்பிடித்து நடத்தும் கணவரையும் மனைவியரையும் நம் பங்குகளில் கண்டிருக்கிறோம். எங்களுக்கு அவர்களே நினைவுக்கு வந்தார்கள். 'மே' என்றால் அம்மொழியில் தாய். ஆற்றையும் அவர்கள் 'மே நாம்', அதாவது நீர்த்தாய் என்றே சொல்கிறார்கள். இச்சொல் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

மே பெர்ம் 2016-இல் இறந்தது. செய்தியை ஊரிலேயே அறிந்திருந்தோம். எனவே 2018-இல் வண்டி பள்ளத்தாக்கிற்குள் இறங்கியபோது எங்கள் இருவருக்கும் பேச்சே வரவில்லை. ஜோக்கியா எவ்வாறிருக்கும் என்ற ஒரே கேள்விதான்.

அது ஒரு மரத்தடியில் நின்று பூசணிக்காய் தின்றுகொண்டிருந்தது. பாகன் ஒருவர் அருகில் இருந்தார். கையில் அங்குசம் இல்லை. அங்கே எவரும் அங்குசம் வைத்துக்கொள்வதில்லை. அவர் ஏதோ சொன்னார். அது காதை அசைத்து, அவர் குரல் வந்த திசையில் இரண்டடி வைத்தது. சமையற்கூடத்தில், பல் தேய்ந்த கிழ யானைகளுக்காக வாழைப்பழத்தைப் பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. ஆறாவதும் தேய்ந்தால் பிறகு இல்லை. காட்டில் அந்நிலை அடைந்த யானை பட்டினியால் சாகும். இங்கே அதற்கு உருண்டை கிடைக்கிறது. நாங்களும் கைகழுவிவிட்டு ஒரு மணிநேரம் உருண்டை பிடித்தோம். மறுநாள் ஞாயிறு, சியாங் மாய் திரு இருதயப் பேராலயத்தில் திருப்பலி கண்டபோதும் கைகளில் வாழைப்பழ வாசம் போகவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். இளம் யானையைக் குறுகிய மரக்கூண்டில் கட்டி, அடித்து, பட்டினி போட்டு, அதன் மனத்தை முறிக்கும் வழக்கத்தைத் தாய்லாந்தில் 'பாஜான்' என்கிறார்கள். அது அந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அலங்கரித்து நிறுத்தப்படும் யானைகளுக்கும் அத்தகைய ஒரு முன்கதை உண்டு. அண்டை மாநிலத்தில் ஆலயத் திருவிழாக்களிலும் யானைகள் நிற்கின்றன. எங்கள் பங்கின் திருவிழாவிற்கும் யானை வரவழைத்தால் சிறப்பாயிருக்கும் என்று ஓர் ஆண்டு பேச்சு எழுந்தது. நாங்கள் எழுந்து ஜோக்கியாவின் கதையைச் சொன்னோம். விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்பிற்கே முரணானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2418-ஆம் எண்ணில் கூறுவதையும் எடுத்துக்காட்டினோம். சிலர் முகம் சுளித்தனர். யானை வரவில்லை, தேர்ச்சப்பரமும் மேளமும் வந்தன.

2024 அக்டோபர் முதல் வாரம், புனித பிரான்சிஸ் அசிசியாரின் திருநாள் வரும் அதே வாரத்தில், மே தேங் ஆறு கரைபுரண்டு அந்த அடைக்கலத்திற்குள் புகுந்தது. நூற்றுக்கு மேற்பட்ட யானைகளை இரவும் பகலுமாக மேட்டுநிலத்திற்கு நடத்திச் சென்றார்கள். கழுத்தளவு நீரில் யானைகள் தத்தளிக்கும் படங்களை எங்கள் மகள் கைப்பேசியில் காட்டினாள். இரண்டு யானைகளை வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது. ஒன்று 16 வயதான ஃபா சாய். மற்றொன்று 40 வயதான ப்ளோய் தோங். அதற்குக் கண் தெரியாது.

அன்றிரவு குடும்பச் செபத்தில் செபமாலை முடிந்தபின், அவ்விரு பெயர்களையும் எங்கள் மகள் தானாகவே சொன்னாள். வீட்டில் எவரும் சிரிக்கவில்லை.