தோளில் தங்கும் பதற்றம்

நெஞ்சு வலி, கழுத்து வலி, தலைவலி என்று பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பலர் கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர் இருக்கும். உள்ளே ஈசிஜி, எக்கோ, எக்ஸ்ரே, சில சமயம் எம்ஆர்ஐ கூட. எல்லாவற்றிலும் நார்மல் என்றே எழுதியிருக்கும். கவரை மேஜைமேல் வைத்துவிட்டு, "எல்லாரும் ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்க. ஆனா வலிக்குதுங்க" என்பார்கள். நாம் நடிக்கிறோம் என்று இவரும் நினைத்துவிடுவாரோ என்கிற பயம் அந்தக் குரலில் தெரியும்.

திருப்பூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் எனக்கு இந்தத் தொழில் கற்றுக்கொடுத்ததில் தலையாயது ஒன்று உண்டு. பதற்றத்தால் வரும் வலி முழுக்க முழுக்க உடம்பு வலிதான். தசையிலும் மூச்சிலும் நரம்பிலும் நடப்பது அது. அதனால் அதை வாயால் விளக்கினால் போதாது. நோயாளியின் விரலுக்கே தட்டுப்படும்படி அவர் உடம்பிலேயே காட்ட வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது

எந்த வலியையும் பதற்றத்தின் கணக்கில் எழுதுவதற்கு முன்பு விலக்க வேண்டியவற்றை விலக்கியாக வேண்டும். மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சு இறுக்கி, நின்றால் விடுகிறதா? வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா? கூடவே குப்பென்று வியர்க்கிறதா? அப்படியானால் என் அறையில் அவருக்கு வேலை இல்லை. முதலில் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த நிமிடமே வலி இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். நம் ஊரில் நெஞ்சு வலிக்குப் பாதிப் பேர் முதலில் சொல்லும் காரணம் 'வாயு'. சோடா குடித்துவிட்டுக் காத்திருப்பதில் போகும் நேரம் சிலருக்கு உயிர் போகும் நேரம்.

முதுகு வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது, கால் பலம் குறைவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, விடாத காய்ச்சல், இதுவரை வந்திராத கடுமையான தலைவலி திடீரென்று வருவது ஆகிய எல்லாமே உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவை. பதற்றக்காரர் என்று பேர் வாங்கியவருக்கும் மாரடைப்பு வரும். ஆகவே பழைய ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல், இந்தக் கேள்விகளை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிறேன்.

கை கண்டுபிடிப்பது

இவையெல்லாம் இல்லை என்றான பிறகு கை வேலையைத் தொடங்குகிறது. கழுத்திலிருந்து தோள் நுனிவரை இறங்கும் டிரபீசியஸ் தசையின் மேல்பகுதியைத்தான் முதலில் தொடுவேன். கைகளை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கும்போது அந்தத் தசை இளகிக் கிடக்க வேண்டும். பதற்றத்தோடு வாழ்கிறவர்களிடம் அது கெட்டியாக நிற்கும். "தோளைத் தளர விடுங்க" என்றால், "தளர்த்தித்தானேங்க வெச்சிருக்கேன்" என்பார்கள். நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார்கள். எத்தனையோ மாதங்களாக ஏற்றியே வைத்திருந்த தோளின் நிலையே அவர்களுக்கு இயல்பு நிலையாகிவிட்டிருக்கும்.

அடுத்தது தாடை. காதுக்குக் கீழே, கடைவாய்க்கு நேராக இருக்கும் மெல்லும் தசை. இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்கும், பகலில் தெரியாமலே பல்லை இறுக்கி வைத்திருப்பவர்களுக்கும் அங்கே தொட்டாலே வலிக்கும். நெற்றிப்பொட்டில் அவர்களுக்கு வரும் தலைவலிக்குப் பல சமயம் இதுவும் மேலே இருக்கும் கன்னப்பொட்டுத் தசையும்தான் காரணம். வாயை மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதுதான் ஓய்வு நிலை என்று சொன்னால் வியந்துபோவார்கள்.

பிறகு மூச்சு. அதை எண்ணுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் யாருடைய மூச்சும் மாறிவிடும். அதனால் மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோல் விரலை வைத்துக்கொண்டு மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவோம். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு சாதாரணம். பதற்றம் உள்ளவர்களிடம் எண்ணிக்கை கூடியிருக்கும். சிலரிடம் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இடம் மாறியிருக்கும். வயிறு அசையாது, நெஞ்சின் மேல்பாகம் மட்டும் தூக்கும், நடுநடுவே ஒரு பெருமூச்சு வரும். அப்படி மூச்சு விடும்போது கழுத்தின் முன்பக்கத்தில் உள்ள ஸ்கேலீன் தசைகளும் விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகளும் நாள் முழுக்க அதிகப்படி உழைக்கின்றன. நெஞ்சில் குத்துவதுபோலவும் பிடித்துக்கொண்டதுபோலவும் வலி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விலாவில் விரல் வைத்து அழுத்தினால் "இதேதாங்க, இந்த வலிதான்" என்பார்கள். அழுத்தினால் வருகிறது என்பதை மட்டும் வைத்து இதயத்தை விலக்கிவிடக் கூடாது என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும்.

தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, அதில் செயல்படும் கால்சியத்தின் அளவு இறங்குகிறது. அப்போதுதான் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துகிறது; கை மரத்து, விரல்கள் இழுத்துக்கொள்வதும் உண்டு. "கை மரத்துப்போச்சு, ஸ்ட்ரோக்கா இருக்குமோ" என்று பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகும், மரப்பு இன்னும் கூடும். இதற்குப் பிளாஸ்டிக் பையையோ காகிதப் பையையோ வாயில் வைத்து மூச்சு விடச் சொல்வதை நான் ஒப்புவதில்லை. இதயக் கோளாறோ நுரையீரல் கோளாறோ இருப்பவருக்கு அது ஆபத்து. மூச்சை மெதுவாக வெளியே விடப் பழக்கினாலே போதும்.

காயமில்லாமல் வலிக்குமா?

"எலும்பு நல்லா இருக்கு, ஜவ்வு நல்லா இருக்கு, அப்புறம் ஏன் வலிக்குது?" என்பது நியாயமான கேள்வி. இதற்கு நான் பாடம் நடத்துவதில்லை. முஷ்டியைப் பாதி பலத்தில் மடக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு வேறு ஏதோ பேசிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் முன்கை கடுக்கத் தொடங்கும். முகம் சுளிக்கும்போது கேட்பேன்: "இப்ப கையில காயம் இருக்கா? ஸ்கேன் எடுத்தா ஏதாவது தெரியுமா? ஆனா வலி பொய்யா?" அதன் பிறகு அவருடைய விரல்களையே எடுத்து அவருடைய தோள்மேல் வைப்பேன். "இந்தத் தசை காலையிலிருந்து முஷ்டி பிடிச்சிட்டு இருக்கு." பெரும்பாலானவர்களுக்கு அந்த இடத்தில் முகம் தெளியும். தசை குறைந்த பலத்திலேயே பிடித்திருந்தாலும், இடைவெளி இல்லாமல் மணிக்கணக்கில் பிடித்திருந்தால் களைக்கும், வலிக்கும்.

மருத்துவம் இதைப் புரிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல் என்று வந்த வீரர்களை ஆராய்ந்த பிலடெல்பியா மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா, 1871இல் 300 பேரைப் பற்றி எழுதினார். இதயத்தின் அமைப்பில் அந்த அவதிக்கு ஏற்ற கோளாறு அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் விவரித்த அறிகுறிகளில் பெரும்பகுதியை இன்று பதற்றத்தோடு சேர்த்துப் பார்க்கிறோம். இது பயந்தாங்கொள்ளிகளுக்கு வருவது என்று நினைத்துக் கூனிக் குறுகி உட்காரும் ஆண்களுக்கு, இது போர்க்களத்தில் நின்றவர்களுக்கும் வந்தது என்று நான் சொல்வதுண்டு.

இதற்கு நேர்மாறான ஒன்றை ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் 1946இல் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் படுகாயம் அடைந்த வீரர்களில் பலர் வலி மருந்தே கேட்கவில்லை. காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல என்பதற்கு அது கண்கூடான சாட்சி. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் வெளியிட்ட கதவுக் கோட்பாடு, தண்டுவடத்திலேயே வலிச் செய்தி கூட்டவும் குறைக்கவும் படுகிறது, மூளையும் அதில் தலையிடுகிறது என்றது. விவரங்கள் பிறகு திருத்தப்பட்டாலும் அந்த அடிப்படை நிலைத்துவிட்டது. பயந்திருக்கும் மூளை வலியைக் கூர்ந்து கவனிக்கிறது. கவனிக்கப்படும் வலி பெரிதாகிறது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையும் வலியை உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்றே சொல்கிறது.

வலி எந்தக் கிழமை வருகிறது?

எங்கள் ஊரில் வேலை வலியையும் பதற்ற வலியையும் பிரிப்பது எளிதல்ல. பவர் டேபிளில் குனிந்தபடி ஒன்றரை ஷிப்ட் தைப்பவருக்குக் கழுத்து வலிக்கத்தான் செய்யும். அதனால் வலி எங்கே இருக்கிறது என்று கேட்பதோடு, எந்தக் கிழமை கூடுகிறது என்றும் கேட்கிறேன்.

ஓவர்லாக் தைக்கும் ஒரு பெண். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வலது தோளும் கழுத்தும் வலி, நெஞ்சு அடைப்பு. கரண்ட் வைத்தால் அன்றைக்கு மட்டும் குறையும்.

"அக்கா, லீவு நாள்ல வலி எப்படி இருக்கு?"

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் வரைக்கும் பரவால்லீங்க மேடம். சாயங்காலம் ஆரம்பிச்சா திங்கக்கெழம ராத்திரி தூக்கமே இல்லீங்க."

"செவ்வாய்க்கிழமை என்ன இருக்கு?"

சற்று நேரம் பேசவில்லை. "குழு லோன் தவணைங்க."

மெஷினில் உட்காராத ஞாயிறு மாலையில் கூடும் வலி, தவணை கட்டிய செவ்வாய் சாயங்காலம் இறங்குகிறது. ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும் என்பதால், பணம் இல்லாத பயத்தோடு மானம் போகும் பயமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு தாளில் கிழமைகளை எழுதி, வலியைப் பத்துக்கு எத்தனை என்று குறிக்கச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது அவரே சொல்லிவிட்டார்: "மெஷினால வர்றது ஒரு வலி, இது வேற வலிங்க." பிறகு இரண்டுக்கும் வேலை செய்தோம். நாற்காலியின் உயரத்தை மாற்றுவதும் தோள்பட்டைக்குப் பலம் தரும் பயிற்சிகளும் மெஷின் வலிக்கு. மூச்சும் தசைத் தளர்வும் மற்ற வலிக்கு.

தளர்த்தக் கற்பிப்பது

சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் வெளியிட்ட தசைத் தளர்வு முறை இன்றும் என் கைக்கருவி. ஒவ்வொரு தசைக் கூட்டத்தையும் சில விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, விட்ட பிறகு எப்படி இருக்கிறது என்று கவனிப்பதுதான் இன்று நாம் சொல்லித்தரும் வடிவம். நான் கையிலிருந்து தொடங்குவேன்; முஷ்டி எல்லோருக்கும் எளிதில் பிடிபடும். பிறகு தோளைக் காதுவரை தூக்கி விடுவது, பல்லைக் கடித்து விடுவது. வலிக்கிற இடத்தை லேசாகத்தான் இறுக்க வேண்டும். கண்ணை மூடிப் படுத்துச் செய்வதோடு நிறுத்தினால் பயன் பாதிதான். மெஷினில் நூல் மாற்றும்போது, சிக்னலில் நிற்கும்போது, போன் மணி அடிக்கும்போது தோள் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம்தான் குறி. மூச்சுக்கு ஒரே விதி: இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். கூடவே நடை. நெஞ்சு படபடத்தாலும் ஆபத்து வரவில்லை என்பதை நடக்கும் உடம்பே கற்றுக்கொள்கிறது.

ஒத்தடமும் கரண்டும் வலியைத் தணிக்கும். அவை மட்டுமே என்றால், நோயாளி தன் உடம்பைச் சரிசெய்ய இன்னொருவர் வேண்டும் என்று நம்பிவிடுவார். வலி மாத்திரையைத் தொடர்ந்து போடுவது இன்னும் மோசம். வயிற்றைப் புண்ணாக்கும், அடிக்கடி போட்டால் அதுவே தலைவலிக்குக் காரணமாகிவிடும்.

என் எல்லையும் எனக்குத் தெரிய வேண்டும். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வேலைக்குப் போக முடியாமல், சாக வேண்டும் என்கிற எண்ணம் வரும் நிலையில் தோளைத் தடவிக்கொண்டிருப்பது தவறு. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அனுப்பும்போது "உங்களுக்கு மனசுல பிரச்சினை" என்று நான் சொல்வதில்லை. "பயம் குறைஞ்சாத்தான் இந்தத் தசை விடும். பயத்தைக் குறைக்கத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட அனுப்புறேன். இங்க பயிற்சியும் நிக்காது" என்பேன். கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் கைகழுவிவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மூச்சுப் பயிற்சி கடனை அடைக்காது. வீட்டில் குடித்துவிட்டு வருகிறவரையும் அது திருத்தாது. இதை நோயாளியிடம் மறைப்பதில் நேர்மை இல்லை. ஆனால் கடனோடு சேர்த்து, இதயம் நின்றுவிடும் என்கிற பயத்தையும் சுமக்க வேண்டாம் என்று அவருக்குக் காட்ட முடியும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: வலி முழுக்கப் போய்விட்டதா என்று மட்டும் கேட்டு வைத்தியத்தை அளக்காதீர்கள். "நேத்து நெஞ்சு பிடிச்சுதுங்க. தோளை எறக்கி விட்டுட்டு வேலையப் பார்த்தேன்" என்று ஒருவர் சொல்லும் நாளில், அவருக்கு வலியைவிட வலியைப் பற்றிய பயம் சிறியதாகிவிட்டது. நம் கையால் தர முடிந்த பெரிய உதவி அதுதான்.