காப்பைக் கொடுத்து வாங்கிய கார்



கார் என்றால் அது ஆண்களின் விஷயம், நமக்கென்ன என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மன்னார்த் தீவில். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் புத்தளத்துக்குப் போனது. அங்கே இருந்த காலத்தில் தையல் தைத்து, சீட்டுப் பிடித்து நான் சேர்த்தவை நான்கு காப்புகள். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் அவை என் கையில்தான் இருந்தன.

2021ஆம் ஆண்டில் அந்தக் காப்புகள் காராக மாறின. உம்மாவுக்கு இருதய நோய். அனுராதபுரத்துக்குக் கிளினிக் போய்வர பஸ் பிரயாணம் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. என் கணவர் பழைய ஜப்பான் கார் ஒன்றைப் பார்த்து வந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால், இருபது வருடப் பழசுக்கும் புதுசு போல விலை சொன்ன காலம் அது. அவருடைய சேமிப்பு, தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பியது, என் காப்புகள் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கார் வாசலுக்கு வந்தது. பெயின்ட் மினுங்கியது. ஏசி குளிர்ந்தது. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

2023 ஓகஸ்ட் 16ஆம் திகதி. மடுத் திருவிழாவுக்கு மறுநாள். உம்மாவை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் புறப்பட்டோம். சூட்டைக் காட்டும் முள் சில நாட்களாகவே மேலே ஏறி இறங்கியதை அவர் கவனித்திருந்தார். "போய் வந்து பார்ப்போம்" என்று விட்டிருந்தார். முருங்கனைத் தாண்டி மடுச் சந்தியை நெருங்கும்போது முன்பக்கமிருந்து ஆவி கிளம்பியது. கார் நின்றுவிட்டது. உச்சி வெயில். உம்மாவின் முகம் வெளுத்துப் போனது.

அவர் பொனற்றைத் திறந்து ரேடியேற்றர் மூடியில் கை வைக்கப் போனார். அந்த நேரம் மடுவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வான் ஒன்று எங்களருகே நின்றது. "அண்ணன், மூடியத் தொடாதீங்க!" என்று சாரதி கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவர் கத்தியிராவிட்டால் என் கணவரின் முகம் வெந்திருக்கும். வானுக்குள் இருந்த ஓர் அம்மா, "தங்கச்சி, அம்மாவை இங்க ஏத்துங்கோ" என்று தம் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இடம் தந்தார். வவுனியாவுக்குப் போகவேண்டியவர்கள், எங்களை அனுராதபுரம் ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள். எண்ணெய்க் காசு கொடுத்தும் வாங்கவில்லை. அவர்களுக்காக இன்றும் துஆ செய்கிறேன்.

காருக்கு என்ன நடந்தது? நம் அடுப்படியிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. பிரஷர் குக்கரில் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிப்பதில்லை. ரேடியேற்றரும் அப்படித்தான். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் விட்டு, தண்ணீர் கொதித்துப் பீறிடும்.

அடுத்தது கேத்தல். நம் ஊர் உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா? அந்தத் தண்ணீரைத்தான் அவர் ரேடியேற்றருக்கும் ஊற்றி வந்தார். உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்கள் அடைபட்டன. உப்பு உலோகத்தை அரித்தது. கூலன்ட் என்னும் திரவத்தைத் தூய தண்ணீரோடு கலந்து ஊற்றினால் துருவும் பிடிக்காது, கொதிநிலையும் கூடும். சில ஆயிரம் ரூபாய் வேலை அது. அதைச் செய்யாததால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி, அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்துவிட்டது.

கராஜில் பிரித்தபோது ஒன்றன்பின் ஒன்றாகக் குறைகள் வெளிவந்தன. தரைவிரிப்பைத் தூக்கினால் கீழே றோட்டுத் தெரிந்தது! கடல் காற்றின் உப்பு தகட்டைத் தின்றிருக்க, மேலே புட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பில்லை ஒரு கொப்பியில் எழுதினேன். ரேடியேற்றர் 38,000. ஹெட் வேலை 92,000. டைமிங் பெல்ட்டும் வோட்டர் பம்பும் 45,000. துரு வெட்டி டிங்கரிங் 110,000. இரண்டு டயர் 44,000. மொத்தம் 329,000 ரூபாய். 2022இல் ரூபாய் விழுந்து, 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தாண்டிய பிறகு பாகங்களின் விலையும் ஏறியிருந்தது.

அன்றிலிருந்து அந்தக் கொப்பி என் பொறுப்பாயிற்று. எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய கிலோமீற்றர், செலவு எல்லாவற்றையும் எழுதினேன். படித்துக்கொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பழைய கார் பார்க்கப் போனால் நீங்களும் கூடப் போங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். எண்ணெய் மூடியின் உட்புறம் பால் நுரை போல இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், கதவின் அடி ஓரத்தைத் தடவிப் பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. டைமிங்குக்குப் பெல்ட்டா, செயினா என்று கேளுங்கள். டொயோட்டாவின் 5ஏ எஞ்சினுக்குப் பெல்ட். அதை ஏறத்தாழ 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். நிசானின் ஜிஏ எஞ்சினுக்குச் செயின். மீட்டரில் உள்ள கணக்கை மட்டும் நம்பாதீர்கள், அதைத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. வாங்கும் காசு முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், பழுதுபார்க்க ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். கடற்கரை ஊர் என்றால் காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவச் சொல்லுங்கள்.

உம்மா 2024இல் வபாத்தானார்கள். கடைசி வரை அந்தக் காரில்தான் கிளினிக் போனார்கள். பிறகு அதை வைத்திருக்க எங்களுக்கு மனமில்லை. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி தொடங்கினாலும், வரியால் புது வாகனம் எட்டாத விலையில்தான் இருந்தது. அதனால் பழைய காரையும் தேடி வந்தார்கள். தரகர் வந்து, "அடியில கறுப்புப் பூச்சு அடிச்சிடுங்க, துரு தெரியாது. அந்தக் கொப்பியையும் காட்டாதீங்க. இரண்டு இலட்சம் கூடக் கேக்கலாம்" என்றார்.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. என் காப்பில் ஒரு பங்கை மீட்கலாமே! எங்களுக்கு விற்றவர் எங்களிடம் சொன்னாரா என்றும் மனம் கேட்டது. அன்று இரவு என் கணவர் சொன்னார்: "பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாதென்று நம் பிள்ளைகளுக்கு நீதானே சொல்லிக் கொடுத்தாய்?" எனக்குப் பதில் வரவில்லை.

சிலாவத்துறையிலிருந்து இளம் தம்பதி ஒன்று வந்தது. கொப்பியை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். பக்கம் பக்கமாக வாசித்தாள். கணவனிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். விலையைக் குறைத்துக் கேட்டார்கள், நாங்களும் குறைத்தோம். போகும்போது, "தாத்தா, என்ட காப்பும் இதுக்குள்ள போகுது. அதுதான் முழுக்க வாசிச்சேன்" என்றாள்.

என் கையில் இப்போது காப்பு இல்லை. ஆனால் அந்தக் கார் மடுச் சந்தியைத் தாண்டும்போது அந்தப் பிள்ளை நடுரோட்டில் நிற்கமாட்டாள் என்ற நிம்மதி இருக்கிறது. மிச்சப் பக்கங்களை அவள் எழுதிக்கொண்டிருப்பாள், இன்ஷா அல்லாஹ்.