காத்திருந்த செவிகள்

பசித்தவனுக்கு உணவு வரத் தாழ்த்தால் பசி வளரும். இசைக்குக் காத்திருப்பவனுக்கு இசை வரத் தாழ்த்தால் கற்பனை வளரும். உணவு வந்ததும் பசி அடங்கும். இசை வந்ததும் கற்பனை அடங்குவதில்லை. வந்த இசையோடு வழக்காடவே முற்படும். இவ்வுண்மையை எம்மூராகிய திருத்தணியில் 2025-ஆம் ஆண்டில் யாம் கண்கூடாகக் கண்டோம். அதனை நம் கல்லூரி மலரில் எழுதி வைத்தல் பயனுடைத்தென எண்ணுகின்றோம்.

செய்தி பலரும் அறிந்ததே. எனினும் ஆண்டு முறையிற் கூறுவோம். 1976-இல் 'அன்னக்கிளி' திரைப்படத்தால் தமிழர் செவிகளில் குடிபுகுந்த இளையராஜா அவர்கள், 1993-இல் இலண்டன் மாநகரத்து இராயல் பில்ஹார்மோனிக் குழுவினருக்கென ஒரு சிம்பொனி இயற்றினார். ஜான் ஸ்காட் என்பார் நடத்த அக்குழுவினர் அதனை வாசித்தனர் என்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. செய்தி வந்தது, இசை வரவில்லை. ஒலிநாடாவாகவோ இசைத்தட்டாகவோ அது வெளியிடப்பெறாமலே ஆண்டுகள் கழிந்தன. 2005-இல் புடாபெஸ்ட் நகரத்து இசைக்குழுவினரைக் கொண்டு அவர் அமைத்த 'திருவாசகம்' வெளிவந்தது. 1900-இல் போப்பையர் ஆங்கிலத்திற் பெயர்த்த அத்திருநூல், மேனாட்டு வாத்தியங்களோடு ஒலித்தபோது மகிழாத தமிழ் மாணாக்கர் இலர். ஆயினும் அது பாடலோடு கூடியது. சொல்லின்றிக் கருவிகளே பேசும் சிம்பொனி எங்கே என்ற வினா மட்டும் ஓயவில்லை. 2024 மே மாதத்தில், 35 நாட்களில் ஒரு புதிய சிம்பொனி எழுதி முடித்ததாக அவரே அறிவித்தார். 2025 மார்ச்சு 8-ஆம் நாள், தம் 81-ஆம் வயதில், இலண்டன் அப்பல்லோ அரங்கில் 'வேலியண்ட்' என்னும் பெயரால் அதனை அரங்கேற்றினார். நான்கு பகுதிகளையுடைய அவ்விசையை மிக்கேல் டாம்ஸ் என்பார் நடத்தினார். முதற் செய்திக்கும் இவ்வரங்கேற்றத்திற்கும் இடையே கிடந்தவை 32 ஆண்டுகள். யாம் பிறந்து வளர்ந்த காலம் அவற்றுள் பாதிக்குச் சிறிது மேல். ஆதலின் இக்காத்திருப்பு எமக்குத் தந்தையர் வழியாக வந்த உடைமை எனலாம்.

மலைமேல் முருகன் கோயிலும் மலையடியில் கடைத்தெருவுமாக இருக்கும் எம்மூருக்கும் மேனாட்டு இசைக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனத்தைத் தணிகை மலையிலேயே பாடினார் என்பது வழிவழி வரும் வரலாறு. அவர் குடும்பத்தார் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த நாளில், கோட்டையிலிருந்த ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டனர். தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம்மிசைக்கு உரியதாக்கினார். தமையனார் மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவை நோட்டுசுவரம் எனப்படும். எனவே இருவகை இசையும் கலந்த கதையில் எம்மூருக்கும் ஓர் இடம் உண்டு.

மற்றொரு காரணமும் உண்டு. 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழ்நிலத்தோடு இணையும் வரை எம்மூர் ஆந்திர நாட்டுச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்றும் பேருந்து நிலையத்தில், நகரிக்குப் போவாரும் அரக்கோணத்துக்குப் போவாரும் அருகருகே நின்று தேநீர் அருந்துவர். ஒருவர் 'சாகர சங்கமம்' என்பர். மற்றவர் 'சலங்கை ஒலி' என்பர். படம் ஒன்றே, இசையும் ஒன்றே. ஒருவர் 'ருத்ரவீணை' என்பர். மற்றவர் 'உன்னால் முடியும் தம்பி' என்பர். கதை ஒன்றே, இசையமைத்தவரும் ஒருவரே. இளையராஜாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் எம்மூரில் இருமொழியாரும் ஒருமொழியாராவர்.

அரங்கேற்றம் நடந்த இரவில் எம்மூரிற் பலர் உறங்கவில்லை. மறுநாட் காலையில் கைப்பேசிகளில் சிறு சிறு துண்டுகள் வந்து விழுந்தன. அப்போது அன்பர்கள் இருதிறத்தாராகப் பிரிந்தனர். ஒரு திறத்தார், "தமிழன் இலண்டனை வென்றான்" என்று இனிப்பு வழங்கினர்; இசை எவ்வாறிருந்தது என்று கேட்டால், "அவர் செய்தது வேறு எவ்வாறிருக்கும்?" என்றனர். மறுதிறத்தார் அரை நிமிடத் துண்டைத் தேநீர்க் கடை இரைச்சலில் கேட்டுவிட்டு, "இதில் பாட்டே இல்லையே, 1993-இல் செய்ததையன்றோ நாம் கேட்டோம்?" என்று முகம் சுளித்தனர். புகழ்ந்தாரும் இகழ்ந்தாரும் ஒருசேரக் கேளாதாரே. தாயகம் திரும்பிய இசைஞானியோ, இதனைத் தரவிறக்கிக் கேளாதீர்கள், நேரில் இருந்து உணருங்கள் என்று வேண்டிக்கொண்டார்.

எம் தெருவில் ஒரு பெரியவர் உளர். ஒலிநாடாவிற் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையை முன்னாளில் நடத்தியவர். 1993 முதல், "சிம்பொனி கேசட் வந்ததா?" என்று கேட்டு வந்தவர்களுக்கு மலைப்படிகள் 365-உம் நிற்க இடம் போதா என்று நகைப்பார். அவ்விசை வந்தால் பதிவதற்கென்று ஒரு வெற்று நாடாவைத் தனியே எடுத்து வைத்தார். கடையும் போய், நாடாவும் வழக்கொழிந்த பின்னும், அது மேலுறை பிரியாமல் அவர் பெட்டியில் இருக்கின்றது. அத்துண்டுகளைக் காட்ட அவரிடம் சென்றோம். கையமர்த்தினார்.

"32 வருஷம் பொறுத்தவன் தம்பி நான். அரை நிமிஷத்துக்கா ஆசைப்படுவேன்? முழுசாய்க் கேட்கும் நாள் வரட்டும்" என்றார்.

"வாராது போனால், ஐயா?" என்றோம்.

"கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறேன். கேளாததைக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன்" என்றார்.

2025 செப்டம்பர் 13-ஆம் நாள் சென்னையில் அரசு எடுத்த பாராட்டு விழாவில் அச்சிம்பொனி ஒலித்தது. மூட்டு நோயால் அவர் செல்லவியலவில்லை; யாமும் செல்லப் பெற்றிலேம். அதற்காக அவர் எவரையும் நொந்துகொண்டாரல்லர். அவர் அன்பு, கேட்டலை எதிர்நோக்கியதேயன்றிக் கேட்டதாகப் பெயர் பெறுதலை எதிர்நோக்கியதன்று.

இலண்டன் அரங்கில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே குறித்தல் வேண்டும். நான்கு பகுதிகளும் முடியும் வரை சிம்பொனியில் கைதட்டலாகாது என்பது இற்றைநாள் மேனாட்டு வழக்கு. நம்மவரோ முதற் பகுதி முடிந்தவுடனே கைதட்டினர். இதனை இளையராஜா அவர்களே பின்னர் எடுத்துரைத்தார். இது கேட்டு நாணியவர் சிலர். நாணுவதற்கு யாதுமில்லை. 1778-இல் பாரிசு நகரில் மொஸார்ட்டின் சிம்பொனி நடக்கையில், முதற் பகுதியின் நடுவிலேயே அவையோர் கைதட்டினர். மொஸார்ட் அதனை மகிழ்ந்து தந்தைக்கு எழுதினார். 1813-இல் வியன்னாவில் பீத்தோவனின் ஏழாம் சிம்பொனி அரங்கேறியபோது, இரண்டாம் பகுதியை மீண்டும் வாசிக்கச் செய்தனர். மௌன விதி பிற்காலத்தில் எழுந்தது. நம் கச்சேரிகளிலும் நல்ல சங்கதி ஒன்று விழுந்தால் தலை அசையும். நா 'பலே' என்னும். கேட்ட செவியிலிருந்து பிறந்த கைத்தட்டு எவ்விடத்து ஒலிப்பினும் மரியாதையே. பெயரை மட்டும் கேட்டுத் தட்டுங் கையும், பெயரை மட்டும் கேட்டுத் தூற்றும் வாயுமே இசைக்கு அவமதிப்பாம்.

நெடுநாட் காத்திருந்தவன், தான் காத்த பொருளையே எதிர்பார்க்கின்றான். வருவதோ ஆசிரியன் ஆக்கிய பொருள். 1993-இல் 50 வயதினர் எழுதியதை 81 வயதினரிடம் கேட்டல் எவ்வாறு முறையாகும்? மனத்தில் நாமே இயற்றி வைத்த சிம்பொனியைக் கீழே வைத்தாலன்றி, அவர் இயற்றியது நம் செவியிற் புகாது.

நண்பர்காள்! நம் ஆலயப் பாடகர் குழுவில் நால்வகைக் குரல் பயில்வோர் அறிவர்: முதல் வாரத்தில் தன் குரலொன்றே கேட்கும், பல வாரங்கழித்தே மற்றை மூன்றும் கேட்கத் தொடங்கும். செவிக்கும் பயிற்சி வேண்டும். ஆதலின் யாம் ஒன்று வேண்டிக்கொள்கின்றோம். வரும் ஆண்டில் நம் இசைக் கழகத்தார் ஏதேனும் ஒரு சிம்பொனியை, பீத்தோவனின் ஏழாவதாயினும் ஆகுக, முதலிலிருந்து முடிவு வரை ஒருநாள் மாலை ஒலிபரப்புவாராக. கைப்பேசிகளை வெளியே வைத்துவிட்டு வருவோம். இடையிலே கைதட்ட வேண்டுமென்று தோன்றினால் தட்டுவோம்.